கதவு மூடும் சத்தம்: கிராஃபோர்டை மறுபடி படித்தபோது

நாலு வருஷத்துக்கு முன்னால் மேத்யூ கிராஃபோர்டின் 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' பற்றி இங்கே ஒரு நீளமான குறிப்பு எழுதினேன். படித்த சூடு ஆறாமல் எழுதியது. கைவேலை செய்கிறவனுக்கு ஒரு நேர்மை இருக்கிறது, அந்த நேர்மையைப் பொருளே அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது என்று அதில் பெரிய மனுஷன் மாதிரி முடித்திருந்தேன். இப்போது எழுதுவது அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம். என்னைத் திருத்தியது என் காரின் இடது பின்கதவு.

கார் பழசு. நான் வாங்கும்போதே ஒன்பது வயசு, இப்போது பதினொன்று. சின்ன ஹேட்ச்பேக். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் கம்பெனி போட்ட கதவில் குறை இருந்ததா என்பதை இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

போன ஜூன் மாசம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எண்பதில் போகும்போது பின்னால் 'டப டப'வென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடியோ பீடிங்கோ என்று நினைத்துக்கொண்டேன். ரெண்டு வாரம் கழித்து வண்டி கழுவுகிற பையன்தான் கண்டுபிடித்தான். கதவின் அடி ஓரத்தில் துணியை ஓட்டினவன் நிறுத்திவிட்டு, "சார், இந்தக் கதவு ரெண்டா இருக்கு" என்றான். குனிந்து பார்த்தேன். வெளித்தகடு உள்தகட்டை விட்டு விலகியிருந்தது. அஞ்சு ரூபாய் நாணயம் தாராளமாக உள்ளே போனது. கையால் அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும், விட்டால் வாய் பிளக்கும்.

கதவு என்பது ரெண்டு தகடு

கார் கதவைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஒரே துண்டு என்று நினைத்திருந்தேன். அது ரெண்டு தகடு. உள்ளே இருப்பது எலும்பு மாதிரி. கீல், பூட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெக்கானிசம், பக்கவாட்டில் மோதினால் தாங்குகிற இரும்புக் கம்பி எல்லாம் அந்த உள்தகட்டைச் சார்ந்தவை. வெளியே நாம் பார்க்கிற, பெயின்ட் அடித்த, வளைவான தகடு ஒரு தோல். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. முக்கால் மில்லிமீட்டர் அளவுதான்.

இந்தத் தோலை எலும்போடு சேர்ப்பது எப்படி? வெல்டிங் என்றால் சூட்டில் மெல்லிய தகடு அலை அலையாக வளைந்துவிடும், வெளியே புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் தையல்காரர் சட்டையின் ஓரத்தை உள்ளே மடித்து அடிப்பாரே, அதே வேலையைத் தகட்டில் செய்கிறார்கள். வெளித்தகட்டின் ஓரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அதை உள்தகட்டின் விளிம்பைச் சுற்றி மடித்து அழுத்திவிடுவார்கள். நூலுக்குப் பதில் மடிப்புக்குள் எபாக்சிப் பசை. மொத்த பாடியும் பெயின்ட் ஆகி அடுப்புக்குள் போகும்போது, 170, 180 டிகிரிச் சூட்டில் பெயின்ட்டோடு சேர்ந்து அந்தப் பசையும் இறுகும். மடிப்பின் வாயை வெளியிலிருந்து ஒரு சீலன்ட் கோடு போட்டு மூடிவிடுவார்கள். நடுப்பகுதியில் தகடு அதிராமல் இருக்க, மோதல் கம்பிக்கும் தோலுக்கும் நடுவே ரப்பர் மாதிரியான பசை உருண்டைகள் சில இருக்கும். கதவைச் சாத்தும்போது 'டப்' என்று ஒரு கனமான சத்தம் வருகிறதே, அதில் இந்த உருண்டைகளுக்கும் பங்கு உண்டு. அவை காய்ந்து உதிர்ந்துவிட்டால் தகர டப்பா சத்தம்தான்.

இன்னொரு விஷயம். கதவுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் போகத்தான் செய்யும். கண்ணாடி இறங்குகிற வாயில் ரப்பர் இருந்தாலும் மழைத்தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கும். அதை எதிர்பார்த்தே கதவைச் செய்கிறார்கள். கீழே சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பது அந்தத் தண்ணீர் வடிந்து போகத்தான். மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அடி மடிப்பிலேயே தேங்கும். பசை எங்கே விட்டுப் போயிருக்கிறதோ அங்கே நுழையும். துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மடிப்பு உள்ளேயிருந்தே நெம்பித் திறக்கப்படுகிறது. என் கதவில் நடந்தது இதுதான். ஆனால் இது பாதிக் கதை.

பட்டறையில் தெரிந்த மீதிக் கதை

எங்கள் ஏரியாவில் ஒரு டிங்கர் இருக்கிறார். அறுபதை நெருங்கும் வயசு. அம்பாசடர் காலத்திலிருந்து தகடு தட்டுகிறவர். டோர் பேடைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த பாலிதீன் ஷீட்டை உரித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் வெளிப்பக்கம் வைத்துக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வந்தார். கதவின் கால்வாசி உயரத்தில் காந்தம் பிடிப்பு விட்டுக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது.

"பட்டி சார். நல்ல கனமா வச்சிருக்கான்."

யாரோ எப்போதோ கதவின் அடிப்பக்கத்தில் இடித்திருக்கிறார்கள். தகடு உள்ளே போயிருக்கிறது, மடிப்பும் அப்போதே விட்டிருக்கிறது. அதை வெளியே இழுத்துச் சரி செய்யாமல் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். திறந்திருந்த மடிப்புக்குள் பாத்ரூமுக்குப் போடுகிற சிலிகானைப் பீச்சிவிட்டிருக்கிறார்கள். பீச்சினது வழிந்து வடிகால் ஓட்டைகள் ரெண்டையும் அடைத்துவிட்டது. மூடினவர் நல்லது செய்கிறோம் என்று நினைத்திருக்கவும் கூடும். தண்ணீர் உள்ளே போகாமல் அடைப்பதாக நினைத்து, உள்ளே போன தண்ணீர் வெளியே வர இருந்த வழியை அடைத்துவிட்டார்.

இதையெல்லாம் ரெண்டு வருஷமாக நான் தினமும் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வாங்கும்போது தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டித்தான் வாங்கினேன். அவர் இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்தார். எல்லாம் அவர் சொன்னபடி இன்றைக்கும் நன்றாகவே இருக்கின்றன. கதவைத் திறந்தார், மூடினார், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் கிராஃபோர்டை மறுபடி எடுத்தேன்.

புத்தகம் என்ன சொல்கிறது

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கிராஃபோர்ட் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். வாஷிங்டனில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மோட்டார்சைக்கிள் ரிப்பேர்க் கடை போட்டவர். 2006-ல் ஒரு கட்டுரையாக எழுதியதை விரித்து 2009-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 'ஷாப் கிளாஸ்' என்பது அமெரிக்கப் பள்ளிகளில் மரவேலை, இரும்புவேலை சொல்லித்தரும் வகுப்பு. அந்த வகுப்புகளை மூடிவிட்டுப் பையன்கள் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்ததில் என்ன போனது என்பதுதான் புத்தகத்தின் கேள்வி.

அவருடைய மையமான வாதம் எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது. அலுவலக வேலையில் நீ நன்றாகச் செய்தாயா என்பதை மேலாளரின் அபிப்பிராயம் முடிவு செய்கிறது. கைவேலையில் அப்படியில்லை. எலக்ட்ரீஷியன் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதா என்று தெரிந்துவிடும். மெக்கானிக் கிக்கரை உதைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று தெரிந்துவிடும். வாய்ச்சவடாலுக்கு இடமில்லை. பொருள் பொய் சொல்லாது, பொய்யை ஏற்றுக்கொள்ளவும் செய்யாது. அதனால் கைவேலை செய்கிறவன் தன் அகந்தையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, எதிரில் இருப்பதைக் கவனிக்கப் பழகுகிறான். இது ஒழுக்கப் பயிற்சியும்கூட.

இந்த வாதத்தை என் கதவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

டெலிவரி அன்றைக்கு எல்லாமே ஒன்றுதான்

பிரிந்த கதவுத்தோலைச் சரிசெய்ய நாலு வழி இருப்பதாக டிங்கர் சொன்னார். அவர் சொன்னதோடு நான் அப்புறம் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

முதல் வழி, கதவையே மாற்றுவது. புதுசு வாங்கினால் காரின் மதிப்புக்குக் கட்டாது. புதுப்பேட்டையில் கழற்றி வைத்த பழைய கதவு கிடைக்கும். ஆனால் அந்தக் கதவின் அடி மடிப்பு எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதுவும் இன்னொரு விபத்து வண்டியிலிருந்து வந்ததுதானே.

ரெண்டாவது, தோல் மட்டும் மாற்றுவது. மடிப்பின் வெளி விளிம்பை மட்டும் கிரைண்டரால் தேய்த்தால் தோல் தனியாகக் கழன்று வரும். உள்தகட்டைச் சுத்தம் செய்து, பசை போட்டு, புதுத்தோலை வைத்துக் கையால் மடிக்க வேண்டும். ஒரே அடியில் மடித்தால் வெளிப்பக்கம் சுருக்கம் விழும். மூன்று, நாலு சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கோணத்தைக் குறைத்து, அடியில் டாலியைக் கொடுத்துத் தட்ட வேண்டும்.

மூன்றாவது, இருக்கிற தோலையே காப்பாற்றுவது. மடிப்பைத் திறந்து, பழைய பசையையும் துருவையும் வெளுத்த இரும்பு தெரியும்வரை எடுத்து, இரண்டு பாகமாகக் கலக்கிற எபாக்சிப் பசையை வைத்து, மறுபடி மடித்து, வரிசையாகக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட வேண்டும். அதற்கப்புறம் விளிம்பில் சீலன்ட், உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு, வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிடுவது.

நாலாவது, எல்லோரும் செய்வது. அடி ஓரத்தில் நாலு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்து, மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவது. ஒரே நாள் வேலை. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துக் கம்பெனி பூச்சு எரிந்துபோகும், உள்பக்கம் வெறும் இரும்பாக நிற்கும், அங்கிருந்துதான் அடுத்த துரு கிளம்பும். ஆனால் அது உள்பக்கம்.

இப்போது கிராஃபோர்டின் சோதனையை இந்த நாலுக்கும் வையுங்கள். வண்டியை எடுக்கப் போகிற அன்றைக்குக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறோம். நாலு கதவும் திறக்கும், நாலும் மூடும். பெயின்ட் நாலிலும் பளபளக்கும். சொல்லப்போனால் நாலாவது கதவுதான் ரொம்ப அழகாக இருக்கும், ஏனென்றால் கிடைத்த நேரம் முழுவதும் வெளிப்பக்கத்துக்கே செலவாகியிருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்ல ரெண்டு மழைக்காலம் போக வேண்டும். அதற்குள் வண்டி கை மாறியிருக்கலாம்.

இன்ஜின் வேலையும் பாடி வேலையும் பிரிகிற இடம் இதுதான். இன்ஜினை ரிப்பேர் செய்தவன் ஒரு குறையை நீக்குகிறான், நீங்கினது தெரிகிறது. டிங்கரிங் என்பதன் நோக்கமே குறை இருந்ததைத் தெரியாமல் ஆக்குவது. நல்ல டிங்கரின் வெற்றியும் ஏமாற்றுகிறவனின் வெற்றியும் கண்ணுக்கு ஒரே மாதிரி: ஒன்றும் நடக்காதது போல் இருப்பது. பொருள் பொய் சொல்லாது என்கிறார் கிராஃபோர்ட். என் கதவு ரெண்டு வருஷம் பொய் சொல்லியது. அதற்கு முன்னால் எத்தனை வருஷமோ.

கிராஃபோர்டுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ரிப்பேர் வேலையை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிஸ்டாட்டிலை வைத்து அவர் ஒரு பிரிவு செய்கிறார். வீடு கட்டுகிறவன் தானே உண்டாக்கிய பொருளோடு வேலை செய்கிறான். மருத்துவரும் மெக்கானிக்கும் தாங்கள் உண்டாக்காத ஒன்றைச் சரி செய்கிறார்கள். அதனால் எவ்வளவு திறமை இருந்தாலும் தோற்க வாய்ப்பு உண்டு, அந்தத் தோல்விதான் அவர்களுக்கு அடக்கத்தைத் தருகிறது. அருமையான பகுதி அது. ஆனால் அதிலும் தோல்வி தெரியவரும் என்பது சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நோயாளி எழுந்து நடப்பான் அல்லது நடக்க மாட்டான். தோல்வி எட்டு வருஷம் கழித்து, வேறு ஒருவரின் வீட்டு வாசலில் தெரியவருமானால் யாருக்கு அடக்கம் வரும்?

பழைய ஹோண்டா பைக் ஒன்றை ரிப்பேர் செய்தபோது ஒரு சீலைத் தோண்டித் துருவுவதில் தான் மூழ்கிப்போனதை அவர் சொல்லுகிற பகுதியும் இருக்கிறது. இந்த ஆர்வம் வாடிக்கையாளருக்காகவா தனக்காகவா, இதற்கான நேரத்தைப் பில்லில் போடலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். நேர்மையான பக்கங்கள். ஆனால் அங்கே சிக்கல், மெக்கானிக் தேவைக்கு மேல் செய்துவிடுவானோ என்பது. என் ஏரியாவில் எந்தப் பட்டறையிலும் அந்தச் சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை.

எலுமிச்சம்பழ வாதமும் மூன்றாம் ஆளும்

பழைய கார் என்றதும் பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஜார்ஜ் அகெர்லாஃப் ஞாபகம் வந்திருக்கும். 'தி மார்க்கெட் ஃபார் லெமன்ஸ்', 1970-ல் வந்த கட்டுரை. 2001-ல் அவருக்கு நோபல் கிடைத்ததற்கு அடிப்படை. அமெரிக்க வழக்கில் 'லெமன்' என்றால் வாங்கினவன் தலையில் கட்டப்பட்ட ஓட்டை வண்டி. விற்கிறவனுக்கு வண்டியின் உண்மை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எந்த வண்டிக்கும் சராசரி விலைக்கு மேல் தர மாட்டான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். எளிமையான, பயங்கரமான வாதம்.

ஆனால் என் கதவு இதிலும் முழுசாக அடங்கவில்லை. எனக்கு விற்றவருக்குக் கதவின் உண்மை தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவரும் ரெண்டாவது ஓனர்தான். கதவைத் திறந்து மூடியவர், என்னை மாதிரியே. முதல் ஓனருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். வண்டியை விட்டார், ரெண்டு நாள் கழித்துப் பளபளவென்று வாங்கிக்கொண்டார். மடிப்பு விட்டிருந்தது தெரிந்த ஒரே ஆள், சிலிகானைப் பீச்சினவர். அவர் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அகெர்லாஃபின் கதையில் ரெண்டு பேர். உண்மை மூன்றாவது ஆளிடம் இருக்கிறது, அவருக்குக் கூலி கிடைத்ததே அது வெளியே தெரியாமல் செய்ததற்காக.

இதில் இன்ஷூரன்ஸுக்கும் பங்கு உண்டு. சாதாரண பாலிசியில், பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்கு இரும்பு பாகம் மாற்றினால் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். மீதிப் பாதி நம் கையிலிருந்து. அதனால் பழைய வண்டிக்காரர்கள் பெரும்பாலும் கிளெய்ம் பக்கமே போக மாட்டார்கள். நேரே பட்டறைக்குப் போய் ஒரு வாக்கியம் சொல்வார்கள்.

அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். ஒத்துக்கொள்ள வேண்டும். டிங்கர் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது: "அண்ணே, ரொம்ப செலவு இழுக்காம, வெளிய தெரியாத மாதிரி பண்ணிடுங்க."

அவர் சிரித்தார். "இதத்தான் சார் போன தடவையும் யாரோ சொல்லியிருப்பாங்க."

கிராஃபோர்டின் புத்தகத்தில் இந்த வாடிக்கையாளர் இல்லை. அங்கே கெடுப்பவன் எப்போதும் மேலாளர், கம்பெனி, வேலையைத் துண்டு துண்டாக வெட்டிய டெய்லரிசம். பழுது பார்க்க வருகிறவன் தன் வண்டியை நேசிக்கிறவன், பழுது நீங்க வேண்டும் என்று விரும்புகிறவன். பழுது மறைந்தால் போதும் என்று வருகிறவனை வைத்து யோசித்திருந்தால், கைவேலை தானாகவே ஒழுக்கம் சொல்லித்தரும் என்று அவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்க முடியாது. பட்டியைத் தேய்த்து ஒரு வளைவை அப்படியே கொண்டுவருவதும் கைவேலைதான். அதற்கும் வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும், விரல் நுனியில் கண் வேண்டும். என் கதவில் பட்டி வைத்தவர் அசல் திறமைசாலி. பதினொரு வருஷக் காரில் அந்த உடல்கோடு ஒரு நூல் பிசகவில்லை.

ராபர்ட் பர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்' (1974) நாவலில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி உண்டு. நண்பனின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. பைக்கில் ஹேண்டில்பார் தளர்ந்திருக்கிறது. பீர் டின்னிலிருந்து ஒரு துண்டு தகடு வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதை சொல்பவர். நண்பனுக்கு அது அவமானமாக இருக்கிறது. பார்க்க மட்டமாக இருந்தாலும் உள்ளே சரியாக வேலை செய்கிற ரிப்பேர் அது. எனக்குக் கிடைத்தது, பார்க்கப் பிரமாதமாகவும் உள்ளே மோசமாகவும் இருந்தது. பர்சிக் நண்பனைக் கொஞ்சம் கேலி செய்கிறார். நான் இப்போது அந்த நண்பனாக என்னைத்தான் பார்க்கிறேன்.

மூடுவதற்கு முன்

கடைசியில் மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். உள்தகட்டில் துரு ஓட்டை போடும் அளவுக்குப் போகவில்லை, தோலைக் காப்பாற்றலாம் என்றார். அஞ்சு நாள் வேலை. அதில் ரெண்டு நாள் சிலிகானைச் சுரண்டுவதிலேயே போனது. சிலிகான் பிசிறு ஒட்டியிருந்த இடத்தில் எபாக்சி பிடிக்காது, பெயின்ட்டும் ஒதுங்கி ஒதுங்கிக் குழி விழும்.

வேலையை விட அவர் வைத்திருந்த ஒரு வழக்கம்தான் என்னை யோசிக்க வைத்தது. நாலாம் நாள் போன் செய்தார். "பட்டி போடப் போறேன் சார். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போயிடுங்க."

எனக்கு அன்றைக்கு வேலை இருந்தது. "பரவால்லண்ணே, நீங்களே பண்ணிடுங்க, உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றேன்.

"நம்பிக்கை எல்லாம் இருக்கட்டும். வந்து பாருங்க. மூடிட்டா நானே பாக்க முடியாது."

போனேன். கதவு கழற்றப்பட்டு, பழைய மெத்தை மேல் குப்புறப் படுத்திருந்தது. அடி மடிப்பு முழுவதும் ஒரே அகலத்தில் ஓடியது, பிதுங்கின பசையை வழித்துவிட்டிருந்தார். வெளிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பட்டி இல்லாத வெறும் தகடு. சுத்தி பட்ட இடங்கள் லேசாக மினுங்கின. பள்ளத்தை முடிந்தவரை வெளியே தட்டிக் கொண்டுவந்திருந்தார். மிச்சம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கு மட்டும்தான் பட்டி என்றார். வடிகால் ஓட்டையில் ஒரு கம்பியை விட்டு எடுத்துக் காட்டினார். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன்.

வருகிற எல்லோரையும் இப்படிக் கூப்பிடுவாராம். பாதிப்பேர் வரமாட்டார்கள். வந்தவர்களிலும் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பிறகு ஏன் கூப்பிடுகிறார் என்று கேட்டேன். "வர்றாங்களோ இல்லையோ, வரச் சொல்லியிருக்கேன்ல? அப்ப ஒழுங்கா பண்ணித்தானே ஆகணும்" என்றார்.

கிராஃபோர்ட் தேடுகிற ஒழுக்கம் இங்கே இருக்கிறது. ஆனால் அது அவர் சொல்கிற இடத்திலிருந்து வரவில்லை. தகடு அவரை நேர்மையாக இருக்கச் சொல்லவில்லை. தகடு எதை வேண்டுமானாலும் ஏற்றுக்கொண்டிருக்கும். மூடுவதற்கு முன்னால் இன்னொருவர் கண்ணுக்குத் திறந்து வைப்பது என்ற வழக்கத்தை அவராகவே தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். வீடு கட்டும்போது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் இன்ஜினியர் வந்து கம்பி கட்டியதைப் பார்க்க வேண்டும் என்பது இதே காரணத்துக்காகத்தான். மூடப்படும் வேலைகளுக்கெல்லாம் இப்படி ஒரு நேரம் உண்டு. அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் அப்புறம் மிஞ்சுவது சொல்கிறவரின் வார்த்தை மட்டும்தான். பொருளின் சாட்சி அதற்கு ரொம்பப் பிற்பாடு, துருவாக வரும்.

புத்தகத்தைக் குப்பை என்று சொல்லவில்லை. அலுவலக வேலை பற்றி அவர் எழுதியதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'கைவேலை' என்று ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டியதில்தான் தப்பு. இயங்குகிற பொருளோடு செய்கிற வேலை வேறு, மூடி மறைக்கப்படும் பொருளோடு செய்கிற வேலை வேறு. பிளம்பிங்கில் சுவருக்குள் போகிற பைப், வயரிங்கில் பைப்புக்குள் போகிற ஜாயின்ட், கதவில் மடிப்பு. எரிகிற விளக்கைக் காட்டி ஸ்விட்ச்சை நம்பலாம். சுவருக்குள் இருக்கிற ஜாயின்ட்டை விளக்கு காட்டிக்கொடுக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்கத் தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்து படித்தேன்.

இனி ஒரு சில்லறை விஷயம். அது எனக்குச் சில்லறை இல்லை. வண்டியை அடுத்த வருஷம் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. தெரிந்த புரோக்கர் வந்து பார்த்தார். கதவைச் சுற்றி வந்தவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நானே சொன்னேன், போனில் இருந்த போட்டோக்களையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சார், இதை வர்ற பார்ட்டி கிட்ட காட்டிடாதீங்க. நல்ல வேலைதான், ஆனா காட்டினா பத்தாயிரம் கம்மியா கேப்பான்" என்றார்.

அவர் சொல்வது சரி. ஒழுங்காகச் செய்த ரிப்பேரைச் சொன்னால் விலை குறைகிறது, மோசமாக மறைத்ததைச் சொல்லாமல் விட்டால் விலை நிற்கிறது. எனக்கு விற்றவர் கணக்குப்படி இந்தக் கதவு குறையே இல்லாதது. என் கணக்குப்படி பழுது பார்க்கப்பட்டது. இப்போதிருக்கும் கதவு அப்போதிருந்ததைவிட நல்ல கதவு, விலை மட்டும் குறைவு. அகெர்லாஃபுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

போட்டோக்களைத் தேதியோடு பிரின்ட் போட்டு, சர்வீஸ் பில்களோடு சேர்த்து ஃபைலில் வைத்துவிட்டேன். வருகிறவர் ஃபைலைப் புரட்டினால் தெரியும். புரட்டாவிட்டால் நானே புரட்டிக் காட்டுவேனா? காட்டுவேன் என்றுதான் இப்போது எழுதுகிறேன். பத்தாயிரம் ரூபாய் எதிரில் நிற்கும்போது தெரியும்.

கதவு இப்போது 'டப்' என்றுதான் மூடுகிறது. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று இத்தனை நேரம் எழுதிவிட்டு, இதையே சான்றாகக் காட்டவும் முடியாது. டிங்கரிடம் வேலை நின்றுவிடுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "ரெண்டு ஐப்பசி போகட்டும் சார். அப்புறம் கேளுங்க." வண்டி என் கையில் இருந்தால் அப்போது எழுதுகிறேன்.